ரெண்டு பக்கமும் ஒரே மரை

உள்ள வாங்க. சேலத்துல இருந்து இத்தனை தூரம் காரெடுத்துட்டு வந்துபோட்டு, வாசல்லயே நின்னு சத்தம் போட்டா நல்லாவா இருக்குது? அக்கம் பக்கம் என்ன நெனைப்பாங்க? உங்க ஊட்டம்மா மேல போவட்டுமுங்க. என்ற சம்சாரம் தங்கமணி இருக்கறா, காப்பி போட்டுக் குடுப்பா. நீங்க இப்பிடி அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. பாத்து, கீழ இரும்புச் சீவல் கெடக்கும், செருப்பைக் கழட்டாதீங்க.

குடுங்க, அந்த லிங்க்கை இப்பிடிக் குடுங்க. எவ்வளவு சுத்தினாலும் நீள மாட்டீங்குதா? வண்டியோட ரெண்டு முன்சக்கரமும் ரெண்டு திக்கம் பாக்குதா? அதெப்பிடிங்க ஆவும்? லிங்க் நாச்சிமுத்து பண்ணினதுங்க இது. பாறையேறற ரிமோட் வண்டி வெச்சிருக்கறவங்க கிட்ட எல்லாம் கேட்டுப் பாருங்க, அந்தக் கிராலர் வண்டிக்கு லிங்க்னா கணபதியில நாச்சிமுத்துகிட்டப் போம்பாங்க. ஓசூர்க்காரர் ஒருத்தரும் நீள மாட்டீங்குதுன்னு இதையேதான் போன்ல சொன்னாரு. திண்டுக்கல்ல ஒரு பல் டாக்டரு, அவரும் சொன்னாரு. "சுத்தத் தெரியாம சுத்திபோட்டு என்னையக் கொறை சொல்லாதீங்க"ன்னு வெச்சுட்டேன். வாட்ஸ்அப் குரூப்புல எழுதினாங்க. நானும் எழுதினேன். என்ற கிட்ட எழுதி ஜெயிக்க முடியுமுங்களா? நீங்கதான் ஊடு தேடி வந்திருக்கீங்க. செரி, வந்தவங்களை மதிக்கணும். இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

அட கெரகமே.

இல்லீங்க, நீங்க சொன்னது செரிதான். ரெண்டு பக்கமும் ஒரே மரை. வலது மரை. உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன். இந்தக் கம்பி ரெண்டு முன்சக்கரத்தையும் ஒண்ணாச் சேத்துப் புடிக்குது. ரெண்டு நுனியிலயும் ஒரு பிளாஸ்டிக் காது. ஒரு நுனியில வலது மரை, இன்னொண்ணுல இடது மரை. நடுவுல புடிச்சுச் சுத்தினா ரெண்டு காதும் ஒரே நேரத்துல வெளிய நகரும், லிங்க் நீளும். திருப்பிச் சுத்தினா குறுகும். ரெண்டும் ஒரே மரையா இருந்துட்டா என்ன ஆவும்? ஒரு காது வெளிய வர வர, இன்னொண்ணு அதே அளவு உள்ள போயிரும். காலம்பூரா சுத்தலாம். இருந்த நீளந்தான் இருக்கும்.

இது டேப் வித்த கடைக்காரன் பண்ணின வேலைங்க. மரை வெட்டற உளியைத்தான் டேப்புன்னு சொல்றோம். இடது மரை டேப்புன்னு சொல்லி வலதைக் குடுத்துட்டான், சண்டாளப் பாவி. இங்க தப்பு நடக்க வாய்ப்பே இல்ல. கம்பி அறுக்கறது நானு, லேத்துல போட்டு ஓட்டை போடறது நானு. மரை வெட்டறது மட்டும் என்ற புள்ள மைதிலி. அவ கை தப்பே பண்ணாதுங்க.

இப்பவே புதுசாப் போட்டுக் குடுத்துருவேன். என்ன பண்றது, கரண்டு இல்லீங்களே. மாசாந்தரப் பராமரிப்புன்னு காலையிலயே நிறுத்திப்போட்டான். சாயங்காலந்தான் உடுவான். கரண்டில்லாம லேத் எப்பிடி ஓடும்? போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. உக்காருங்க. மழை வேற சாரல் அடிக்குது, ஷட்டரைப் பாதி எறக்கி உட்டர்றேன். புழுக்கமாத்தான் இருக்கும். பழகிரும். மைதிலி எட்டு வருசமா இங்கதான உக்காந்து மரை வெட்டறா, ஒருநாளு புழுக்கம்னு சொன்னதில்ல.

கூப்பிடறேன் அவளை. அதா, மேசைக்கு அடியில சுவிட்சு தெரியுதுங்களா? மேல அவ ரூம்ல பெல்லு. நான் இங்க அமுக்கினா அடுத்த நிமிசம் எறங்கி வந்துருவா. ஆபீசு வேலை பாத்துட்டு இருந்தாலும் சரி. பெங்களூர்க் கம்பெனிங்க, ஊட்டுல இருந்தே பாக்கறா. போன வருசம் ஆபீசுக்கே வந்துருன்னாங்க. நான்தான், "அதெல்லாம் வேண்டாம் அம்மிணி, அங்க சோத்துக்கு என்ன பண்ணுவே?"ன்னேன். செரிப்பான்னுட்டா. கட்டாயப்படுத்தல. நான் எதுக்குமே அவளைக் கட்டாயப்படுத்தினதில்ல. கரண்டில்லாததுனால இப்ப பெல்லு அடிக்காது. சித்த நேரங்கழிச்சு நானே போய்க் கூப்பிடறேன்.

எனக்கு இந்த ரிமோட் வண்டியே அவ வாங்கிக் குடுத்ததுங்க. நான் மில்லுக்கு ஸ்பேர் பண்ணிட்டு இருந்தவன். நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சதும் டாக்டரு ஓய்வெடுங்கன்னாரு. ஓய்வுன்னா எப்பிடிங்க எடுக்கறது? ஊட்டுக்குள்ள நடந்துட்டே இருந்தேன். தங்கமணி சமைக்கறப்ப பின்னாடியே நின்னு, "உப்பு எச்சா போடறே, எண்ணெய் எச்சா ஊத்தறே"ன்னு சொல்லிட்டே இருந்தனாமா. "இவரைக் கட்டி மேய்க்க என்னால ஆவாது சாமி"ன்னு அவ அழுதிருக்கறா. புள்ளை ஒரு வண்டியை வாங்கிட்டு வந்து கையில குடுத்துட்டா. சூலூர்ப் பக்கம் பழைய பாறைக்குழி ஒண்ணு இருக்குது, ஞாயித்துக்கெழமைன்னா எல்லாரும் அங்கதான் வண்டி ஏத்துவாங்க. மொத நாளே ஒரு கல்லு மேல ஏறி எறங்கறதுக்குள்ள அதுல இருந்த பிளாஸ்டிக் லிங்க் முருங்கைக்கா நாராட்ட வளைஞ்சு தொங்கிப் போச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அன்னிக்கு லேத்து மேல மூடியிருந்த துணியை எடுத்தவன்தான்.

எஃகுக் கம்பியில மூணு எம்.எம். மரை வெட்டறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. அரைச் சுத்து முன்னால, காச் சுத்து பின்னால. தேங்காயெண்ணெய் சொட்டு உடணும். அவசரப்பட்டீங்கன்னா டேப்பு உள்ளயே ஒடிஞ்சு மாட்டிக்கும். அப்பறம் கம்பியும் போச்சு, டேப்பும் போச்சு. நான் நெறைய ஒடிச்சிருக்கறேன், என்ற கை அப்பிடி. மைதிலி ஒண்ணு கூட ஒடிச்சதில்ல. அத்தனை பொறுமை. எத்தனை நேரம் வேணும்னாலும் ஒரே எடத்துல உக்காந்துட்டு வாயைத் தொறக்காம சுத்திட்டே இருப்பா. அவளாட்டப் புள்ளை கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணுங்க.

அப்பறம் வண்டிக்கு அடியில மாட்டற அடிலிங்க்கு வளைக்கறப்ப ஒரு ஆள் புடிக்கணும். பாறையில தட்டாம இருக்கறதுக்கு நுனியை வளைக்கறமல்லங்க, நான் பைப்பைச் சொருகி அமுக்குவேன், அவ மறுநுனியை அசையாமப் புடிச்சுக்குவா. வேற ஆரைப் புடிக்கச் சொன்னாலும் எனக்கு ஆவறதில்ல. ஒருக்கா தங்கமணியைப் புடிக்கச் சொன்னேன். "நான் புடிச்ச ஒண்ணு போதும், முப்பத்தஞ்சு வருசமா புடிச்சுட்டு இருக்கறேன்"னுட்டுப் போயிட்டா. வாய் அவளுக்கு.

கல்யாணமா? அதைத்தான் எல்லாருங் கேக்கறாங்க. மேல உங்க ஊட்டம்மாவும் இந்நேரம் கேட்டிருப்பாங்க. முப்பதைத் தாண்டிருச்சு, ஏன் இன்னும் வெச்சிருக்கறீங்கன்னு. நானா வெச்சிருக்கறேன்? நல்ல எடமா வந்தா நாளைக்கே முடிச்சுருவேன். வர்றவனுக ஒருத்தனும் செரியில்ல, நான் என்ன பண்ணட்டும்?

நான் ஒரு பரீட்சை வெச்சிருக்கறேனுங்க. அதா, செவுத்துல சாச்சு வெச்சிருக்கற பலகை. எடுத்துப் பாருங்க. அதுல ஒரு லிங்க்கை, ரெண்டு காதும் நகர்றாப்பல நீளக் காடி உட்டு, ஸ்க்ரூப் போட்டு வெச்சிருக்கறேன். பொண்ணு பாக்க வர்ற பையனை, பலகாரம் சாப்பிட்டு முடிச்சதும், "வாங்க மாப்ளே, நம்ம பட்டறையைப் பாருங்க"ன்னு கீழ கூட்டியாந்துருவேன். இந்த ஸ்டூல்லதான் உக்கார வெப்பேன். நீங்க உக்காந்திருக்கறதுதான். பலகையைக் கையில குடுத்து, "காதைக் கழட்டாம இதைச் சித்த நீட்டிக் குடுங்க பாக்கலாம்"பேன். ஆளோட கொணம் அதுல தெரிஞ்சுரும். ஜாதகத்துல தெரியாதது இதுல தெரியும்.

அட, பாத்த ஒடனே கண்டுபுடிச்சுட்டீங்களே. ஆமாங்க, அதும் ரெண்டு பக்கமும் ஒரே மரைதான். அது நான் தெரிஞ்சே போட்டது. அது நீளவே நீளாது. உங்க லிங்க்கும் இதும் ஒண்ணாட்டத்தான் இருக்குதுன்னு சொல்றீங்களா? இருக்கும். அது கடைக்காரன் பண்ணின தப்பு, இது பரீட்சை. ரெண்டுக்கும் சம்பந்தமில்லீங்க. மைதிலிக்கு இந்தப் பரீட்சையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதெல்லாம் புள்ளைங்க காதுக்குப் போவக் கூடாது பாருங்க.

மொதல்ல வந்தவன் தாராபுரத்துப் பையன், பேங்க்குல வேலை. நல்ல பையனாட்டத்தான் இருந்தான். பலகையைக் குடுத்தேன். சுத்தறான், சுத்தறான், காப்பி ஆறி ஆடை கட்டற வரைக்கும் சுத்தறான். உள்ளங்கை செவந்து போச்சு. "வருதுங்க மாமா, வருதுங்க மாமா"ங்கறான். என்னத்த வருது? நகரலைன்னு தெரியாம இத்தனை நேரம் ஒருத்தன் சுத்துவானா? புத்தி கட்டைன்னு உட்டுட்டேன். அப்பறம் ஒரு இன்ஜினீயர் வந்தான். நாலு சுத்து சுத்திப்போட்டு, "நீங்க பாருங்கப்பா"ன்னு அவங்கப்பன் கையில குடுத்துட்டான். நாளைக்கு என்ற புள்ளையக் கட்டிட்டும் அப்பன் கையைத்தான பாப்பான்? இன்னொருத்தன், அவன் பேரு கூட மறந்து போச்சு, ரெண்டு சுத்து சுத்தி, "நீண்டுருச்சுங்க மாமா"ன்னு சிரிச்சுட்டே நீட்டறான். பச்சைப் பொய்! சிரிச்சுட்டே பொய் சொல்றவனுக்குப் பொண்ணு குடுக்க முடியுமுங்களா? ஒருத்தன் கோவிச்சுட்டுப் பலகையை வெச்சுட்டு மாடிக்கே வரல, நேரா காருக்குப் போயிட்டான். அவனை உடுங்க.

ஒவ்வொருத்தன் போனப்பறமும் மைதிலிகிட்ட, "அவன் செரியில்ல அம்மிணி"ம்பேன். ஏன்னு கேக்க மாட்டா. செரிப்பான்னுட்டு டேப்பை எடுத்துட்டு உக்காந்துக்குவா. அப்பா சொன்னா காரணம் இருக்கும்னு ஒரு நம்பிக்கை.

போன மார்கழிக்குத்தான் நவநீதன் வந்தான். பெருந்துறைப் பையன், சோலார் மாட்டிக் குடுக்கற தொழிலு. அவன் தரகர் மூலமா வரல, பாறைக்குழியில இருந்து வந்தான். அங்கதான் அவளைப் பாத்திருக்கறான். அவன் வண்டி ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. கையில தூக்கக் கூடாதுன்னு அங்க சட்டம் இருக்குதல்லங்க. வண்டி தானா வரணும், இல்லாட்டி தோத்துட்டேன்னு ஒத்துக்கணும். எல்லாரும் இப்பிடித் திருப்பு, அப்பிடித் திருப்புன்னு கத்தறோம். மைதிலி எங்கூட வந்தவ, என்ற சாமான் பொட்டியைப் புடிச்சுட்டு ஓரமா நின்னவ, "பின்னால போங்க, வந்த வழியே பின்னால போங்க"ன்னா. அவன் பின்னால எடுத்தான், வெளிய வந்துருச்சு. அப்பறம் என்ற லிங்க்கைக் கையில வாங்கிப் பாத்துட்டு, "மரை ஆருங்க வெட்டினது, இத்தனை சுத்தமா இருக்குது?"ன்னு கேட்டான். "நான்"னுட்டா. எங்கப்பான்னு சொல்ல வேண்டாமா? சின்னப் புள்ளைத்தனம். செரின்னு உட்டுட்டேன்.

அடுத்த மாசமே அப்பன் ஆத்தாளோட பூவும் பழமுமா வந்துட்டான். தங்கமணிக்கு ஒரே சந்தோசம். அதுக்கு முன்னாலயே கோயில்ல போய்ப் பூ வாக்குக் கேட்டுட்டு வந்துட்டா. செவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால போட்டு, ஒரு கொழந்தைய உட்டு எடுக்கச் சொல்லுவாங்கல்ல, வெள்ளை வந்துச்சாமா. "சாமியே உத்தரவு குடுத்துருச்சுங்க"ன்னா. சாமி குடுக்கட்டும். பூவுக்கு மரையப் பத்தி என்ன தெரியும்? நான் கீழ கூட்டியாந்தேன். பலகையைக் குடுத்தேன்.

வாங்கினான். வெளிச்சத்துல புடிச்சு ஒரு பார்வை பாத்தான்.

"மாமா, இது ரெண்டு பக்கமும் ஒரே மரைங்க. சுத்தினா நீளாது. ஒரு பக்கத்துக் காதைக் கழட்டி உட்டாத்தான் ஆவும்"ன்னான்.

"காதைக் கழட்டக் கூடாது"ன்னேன்.

"அப்ப ஆவாதுங்க"ன்னு மேசை மேல வெச்சுட்டான்.

அவ்வளவுதான். ஒரு சுத்துங்க! பெரியவங்க கையில குடுத்தா ஒரே ஒரு சுத்தாவது சுத்திப் பாக்க வேண்டாமா? சுத்திக் கூடப் பாக்காம ஆவாதுன்னு வெச்சுட்டான். அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன். முயற்சியே இல்லாத பையன். பலகாரம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லித் தாட்டி உட்டுட்டேன்.

தங்கமணி அன்னிக்கு ஆடினா பாருங்க ஆட்டம். "சுத்தினவனை மட்டிங்கறீங்க, நீண்டுருச்சுன்னவனைப் பொய்யனுங்கறீங்க, சுத்தாம உள்ளதைச் சொன்னவனை முயற்சியில்லைங்கறீங்க. என்னதான் பதில் வேணும் உங்களுக்கு? பொண்ணை ஆருக்கும் குடுக்க மாட்டேன்னு நேரடியாச் சொல்லித் தொலையுங்களேன்"னு. என்ன பேச்சுங்க அது? பெத்த அப்பனைப் பாத்துச் சொல்ற பேச்சா? நான் அவளுக்காகத்தான தேடறேன்? எனக்கு என்ன, அவ போனா எனக்குச் சோறு தண்ணி எறங்காதா? எறங்கும். லேத் ஓடும். மரை வெட்ட ஒரு பையனை வெச்சுக்கிட்டாப் போச்சு.

மைதிலி அன்னிக்கும் செரிப்பான்னா. அழுவக் கூட இல்ல. நான் நெனைச்சேன், அவளுக்கும் புடிக்கல போலிருக்குதுன்னு. அன்னிக்கு ராத்திரியே பெல்லை அமுக்கினேன், வந்துட்டா. திருச்சி ஆர்டர் ஒண்ணு இருந்துச்சு. எப்பவும் போல உக்காந்து வெட்டினா. அதுக்கப்பறம் ஒரு வித்தியாசம், வெட்டி முடிச்சதும் அவளே பாக்கெட்ல போட்டு ஒட்டியும் வெச்சுருவா. முன்னெல்லாம் நான் ஒருக்கா சுத்திப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன். "நானே பாத்துட்டேன்ப்பா, உங்களுக்கு எதுக்குச் செரமம்"னா. பொறுப்பு வந்துருச்சு புள்ளைக்கு. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க.

ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க? ஓசூர்க்காரரும் பல் டாக்டரும் வாங்கினது எப்பன்னா? தைக்கு அப்பறந்தான். நீங்களும் மாசியிலதான வாங்கினீங்க. ஆமா, எல்லாமே நவநீதன் வந்து போனதுக்குப் பொறவுதான். அதான் சொல்றனே, அந்தச் சமயத்துலதான் கடைக்காரன் டேப்பை மாத்திக் குடுத்திருக்கணும்.

இருங்க, கூப்பிடறேன். மைதிலீ! அம்மிணீ! சித்த கீழ வா! அந்த இடது மரை டேப்பை எடுத்துட்டு வா, கடைக்காரன் மூஞ்சியில உட்டெறியலாம்!

வந்துட்டா பாருங்க. பெல்லே வேண்டாம். இவரு சேலத்துல இருந்து வந்திருக்கறாரு அம்மிணி. இந்த லிங்க்கைப் பாரு. ரெண்டு பக்கமும் வலது மரை. கடைக்காரன் நம்மளை ஏமாத்திப்போட்டான். என்னது? இல்லையா?

கேட்டுக்குங்க சார். டேப்பு செரியாத்தான் இருக்குதாமா. ரெண்டு வருசமா இடது டேப்பு இடது டேப்பாத்தான் இருக்குதாமா. அப்பறம் எப்பிடி? அப்பறம் எப்பிடி அம்மிணி?

தெரிஞ்சேதான் வெட்டினாளாமா.

எதுக்கு? இல்ல, எதுக்குன்னு கேக்கறேன். இவங்கெல்லாம் உன்னைய என்ன பண்ணினாங்க? இத்தனை தூரம் பெட்ரோல் போட்டுட்டு வந்திருக்கறாங்க, நாலு ஊர்ல என்ற பேரைக் கெடுத்து வெச்சிருக்கறே. மெதுவாப் பேசாத, அவருக்கும் கேக்கட்டும். சொல்லு.

"ஊட்டுக்கு வந்தவங்களுக்கெல்லாம் அதைத்தான குடுத்தீங்க, நானும் வாங்கினவங்களுக்கு அதையே குடுத்தேன்"ங்கறா.

ஆரு சொன்னாங்க உனக்கு? பலகையைப் பத்தி ஆரு சொன்னா? மொதல் நாளே தெரியுமா? தாராபுரத்துப் பையன் வந்தப்பவேவா? பொறகு ஏன் இத்தனை நாளு ஒரு வார்த்தை கேக்கல நீ?

சொல்றதைப் பாருங்க சார். "கேட்டா நீங்க நிறுத்திருவீங்களாப்பா? ஆராச்சும் உங்ககிட்டயே கொண்டாந்து நீட்டி, சுத்திப் பாருங்கன்னு சொல்லணும்னு இருந்தேன். போன் பண்ணினவங்களை எல்லாம் திட்டி வெச்சுட்டீங்க. இவரு நேர்ல வந்துட்டாரு. நல்லா இருப்பாரு"ங்கறா. உங்களைக் கும்புடறா பாருங்க.

சித்த இருங்க, இந்த மேசையைப் புடிச்சுக்கறேன். இல்ல, நெஞ்சு ஒண்ணும் வலிக்கல. உக்காருங்க, நீங்க எந்திரிக்காதீங்க. மைதிலி, நீயும் உக்காரு. எங்க போறே? மேல எதுக்கு? பேசிட்டு இருக்கறப்ப போறே?

பாத்தீங்களா, பெருந்துறையில அவ சித்தி ஊட்டுக்குப் போறாளாமா. தங்கமணியோட தங்கச்சி அவ. நாளைக்கு நவநீதன் ஊட்டுல இருந்து அங்க வர்றாங்களாமா, பேசி முடிக்கறதுக்கு. எல்லாம் பேசி வெச்சிருக்கறாங்க. ஆரு, தங்கமணியா? வேற ஆரு. பூக் கேட்டவளே அவதான. என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. "உங்ககிட்டச் சொன்னா அவங்க கையிலயும் பலகையைக் குடுப்பீங்க"ன்னுட்டுப் போறா பாருங்க படியேறி.

நான் போவ மாட்டேன். சொல்லிட்டேன். என்னைய மதிக்காத எடத்துக்கு நான் எதுக்குப் போவணும்?

சார், நீங்க ரெண்டு பொண்ணு பெத்தவருன்னு சொன்னீங்களே, நீங்களே சொல்லுங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்? அவளுக்கு ஒரு கொறை வெச்சிருப்பனா? கார் சாவியை நான் வெச்சிருக்கறேன், ஏன்? அவ எங்க போவணும்னாலும் நானே கூட்டிட்டுப் போறேன். ரோடு கெடக்கற கெடையில பொம்பளைப் புள்ளை தனியா ஓட்டறது செரியா? பெங்களூருக்கு அனுப்பல, ஏன்? அங்க ஆரு பாத்துக்குவா? எல்லாம் அவளுக்காகத்தான். அவ இங்க உக்காந்திருக்கறப்ப நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவளும் பேச மாட்டா. அரைச் சுத்து முன்னால, காச் சுத்து பின்னால. அந்தச் சத்தம் கேட்டுட்டே இருந்தா எனக்கு நெஞ்சு வலியே மறந்து போவும். அதுல என்ன தப்பு? பெத்த புள்ளை பக்கத்துல இருக்கணும்னு நெனைக்கறது ஒரு தப்பா?

நீங்க ஷட்டரையே பாத்துட்டு இருக்கறீங்க. மழை உட்டுருச்சு போல. தூக்கி உடட்டுங்களா? இருங்க, நானே தூக்கறேன்.

என்னங்க அது சத்தம், எல்லாரும் எறங்கி வர்றாங்களா? தங்கமணி, ஏன் இத்தனை பெரிய பை? ஒரு நாளைக்குப் போறவளுக்கு இத்தனை துணியா? அதென்ன, பட்டுச்சேலைப் பொட்டியுமா? சார், உங்க ஊட்டம்மா என்ன சொல்றாங்க? நீங்க சேலம் போற வழிதான, பெருந்துறையில எறக்கி உட்டுட்டுப் போறோம்னா? அவங்களேதான் சொன்னாங்களா? காப்பி குடிக்கப் போன எடத்துல அவங்களையும் சேத்துட்டாளா தங்கமணி! உங்களுக்கு எதுக்குங்க வீண் செரமம். பஸ்சு நெறைய இருக்குது. நானே கூட காரெடுத்து... இல்ல. நான் போவ மாட்டேன்னு சொல்லிட்டேன்.

உங்க லிங்க்கு? அது கெடக்குது சார், நான் நல்லதாப் போட்டு கொரியர்ல அனுப்பறேன். நானே வெட்டி அனுப்பறேன். டேப்பு ரெண்டு மூணு ஒடியும், பரவால்ல.

போறா பாருங்க. கால்ல உழுந்து கும்புட்டுட்டுப் போறா. நான் எந்திரின்னு கூடச் சொல்லல. ஆசீர்வாதம் பண்ணணும்னு கை மட்டும் தலைக்குப் போச்சு, அது தானாப் போச்சுங்க.

நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு சொன்னா? பத்தரையா? இல்ல, சும்மா கேட்டேன்.

சார், சார், ஒரு நிமிசம். கதவைச் சாத்தாதீங்க. உங்க ஊட்டம்மாவைப் பின்னால உக்காரச் சொல்லுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா. அவளுக்கு முன்சீட்டுல உக்காந்தாத்தான் ஆவும். பின்னால உக்காந்தா அவிநாசி தாண்டறதுக்குள்ள கொமட்டும். சின்னப் புள்ளையில இருந்தே அப்பிடித்தான், கேட்டா சொல்ல மாட்டா, அடக்கிட்டு உக்காந்திருப்பா. ஏசியும் வேண்டாமுங்க. அவ பக்கத்துக் கண்ணாடியை நல்லா எறக்கி உட்டுருங்க.